கிறுதி எவ்வளவு நேரம் நின்றது?

தலைக்கிறுதி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரசர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள். இரண்டும் சரியென்றால் "வெயில், தண்ணி குடிக்கிறது காணாது" என்று கதை முடியும். வயலில் நின்றவருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். குனிந்து நிமிர்ந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்தால் நிழலும் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்த ஜீவனியும் போதும். ஆனால் கூரையும் வேப்பமரமும் சேர்ந்து சுழன்றால் காதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் நின்றது, என்ன செய்யும்போது வந்தது, காது கேட்கிறதா என்ற மூன்றையும் டொக்ரரிடம் சொல்லுங்கள். பாதி வருத்தம் அதிலேயே பிடிபடும்.

விநாடிக் கணக்கு என்றால்: பாயில் புரண்டு படுக்கும்போது, கொக்கத்தடியோடு முருங்கைக்காயை அண்ணாந்து பார்க்கும்போது சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். கேள்வியில், அதாவது காது கேட்பதில், குறை இருக்காது. உட்காதிலுள்ள ஒரு பையில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. வயது போனதாலோ, மோட்டார் சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டதாலோ அவை கழன்று, தலை சுழல்வதை உணரும் அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்பக்கத்துக் குழாய்க்குள், போய்விடும். தலை நின்ற பிறகும் துகள் உருண்டு உள்ளே இருக்கும் நீரை இழுக்க, தலை இன்னும் சுழல்கிறதென்று மூளை நம்பிக்கொள்கிறது.

இதற்குக் குளிசை வேலை செய்யாது. துகளை வந்த வழியால் திருப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி கண்டுபிடித்த முறை அதைத்தான் செய்கிறது. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் கிறுதி வருகிறதோ அந்தக் காதுதான் பிழை. வலது காது என்று வைத்துக்கொள்வோம். கட்டில் வேண்டியதில்லை, நிலத்தில் விரித்த பாயே வசதி. கால் நீட்டி இருந்து, படுத்தால் தோளுக்குக் கீழே வரும் இடத்தில் ஒரு தலையணையை வையுங்கள். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாக மல்லாந்து படுத்தால் தோள் தலையணையிலும் தலை சற்றுப் பின்னுக்குச் சரிந்தும் இருக்கும். கிறுதி வரும், கண்ணைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு தலையைத் தூக்காமல் 90 பாகை இடப்பக்கம் திருப்பி இன்னொரு நிமிடம். அடுத்து உடம்பையும் இடத்தோளில் புரட்டி, மூக்கு பாயைப் பார்க்குமளவுக்குத் தலையைத் திருப்பி ஒரு நிமிடம். கடைசியாக நாடியைத் தாழ்த்தியபடி இடப்பக்கத்தால் எழும்பி இருங்கள். இடது காது என்றால் எல்லாம் எதிர்ப்பக்கம்.

இது சரிவராமல் போவது பெரும்பாலும் அவசரத்தால். 10 விநாடியில் அடுத்த நிலைக்குப் போனால் துகள் பாதி வழியில் நின்றுவிடும். இரண்டாவது பிழை, திருப்பும்போது தலையைத் தூக்குவது. முதல் தடவை ஆஸ்பத்திரியில் செய்து காட்டச் சொல்லுங்கள். கழுத்தெலும்பு தேய்ந்தவர்கள் வீட்டில் தாமாகச் செய்யவே கூடாது.

20 நிமிடம் தொடக்கம் மணிக்கணக்காகச் சுழன்று, சத்தியும் வந்து, அதே நேரம் ஒரு காது அடைத்து இரைந்து, கேள்வி கூடிக் குறைந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம். 1861இல் புரோஸ்பர் மெனியர் என்ற பிரெஞ்சு வைத்தியர் இது காதிலிருந்து வருகிறதென்று சொல்லும்வரை மூளை வருத்தமென்றே நினைத்திருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நாள் முழுக்க ஒரு சிறிய தேக்கரண்டி, அதுவும் கறிக்குப் போட்டது மட்டுமில்லை, கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அந்தக் கணக்குக்குள்தான். முல்லைத்தீவுப் பக்கத்தில் கருவாட்டை விடச் சொல்வது லேசில்லை; கிழமைக்கு ஒருநாள் என்று தொடங்கலாம். பெற்றாகிஸ்ரின் குளிசை பரவலாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் 2016இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வில் வெறுங்குளிசையைவிட அது மேலாக இருக்கவில்லை.

நாட்கணக்காக விடாமல் சுழன்று, காது நன்றாகக் கேட்டால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். கிறுதியை அடக்கும் ஸ்டெமெட்டில் போன்ற குளிசைகளை முதல் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் போடலாம். மாதக்கணக்காகப் போட்டால் மூளை புதுநிலைக்குப் பழகாது. வயது போனவர்களுக்குக் கைநடுக்கமும் வரும். எழும்பி நடப்பதுதான் மருந்து. நாக்குத் தடுமாறல், இரண்டிரண்டாகத் தெரிதல், ஒருபக்கம் பலமின்மை, நிற்கவே முடியாமை இருந்தால் பாரிசவாதம் என்று நினைத்து உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் "நாலு நாள் எண்ணெய் விட்டுப் பாப்பம்" என்பதுதான் பெரிய நட்டம். வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் குறும்பியாகவோ நடுக்காதாகவோ இருக்கலாம். நல்ல காதுப்பக்கம் போனால் உட்காதைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஸ்டீரொயிட் மருந்து முதல் இரண்டு கிழமைக்குள், முந்தினால் முந்தினளவு நல்லது. கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய் "திடீரென்று" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள்.

வன்னியில் இன்னொரு கூட்டம் உண்டு: 2009 மே வரை ஷெல்லடிக்குள் இருந்தவர்கள். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானாக மூடும். ஆனால் உட்காதின் நத்தைச்சுருளுக்குள் சத்தத்தைப் பிடிக்கும் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்களில் செத்தது திரும்ப முளைக்காது. முதலில் போவது உயர்சுருதி. அதனால்தான் "கேக்குது, ஆனா விளங்கேல்லை" என்பார்கள். "காசு" என்றது "காது" என்று விழும். கத்திப் பேசிப் பயனில்லை, முகத்தைக் காட்டி மெதுவாகப் பேச வேண்டும். யானைவெடியும் வெட்டுமிசினும் இன்றைக்கும் அதே கலங்களைத்தான் தின்கின்றன. மிசின் ஓட்டுபவர் பஞ்சை அடைத்தால் போதாது. நசுக்கி உள்ளே விட்டால் விரியும் நுரை அடைப்பான் வேண்டும்.

கிருமிக்குப் போடும் ஜென்ராமைசின் ஊசி கேள்வியைவிடச் சமநிலையைக் கூடுதலாகக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தக்காரர் இருப்பதால், ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு காதின் சமநிலையும் போனவருக்குச் சுழற்சியே இராது. நடக்கும்போது தூரத்துப் பெயர்ப்பலகை துள்ளும், இருட்டில் தள்ளாடும். பகலில் கண்ணும் பாதமும் காதின் வேலையைச் சேர்த்துப் பார்க்கின்றன. இரவில் கண் போய்விடும். சேற்று வரம்பில் பாதமும் ஏமாற்றும். அவர்கள் தண்ணீர் மாற ரோச் லைற் இல்லாமல் வயலுக்குப் போகக்கூடாது, கட்டில்லாத கிணற்றடியில் நின்று குளிக்கவும் கூடாது.