கதிரியக்கச் சிதைவு: மதிப்பெண் நழுவும் இடங்கள்

சிதைவுக் கணக்கில் சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. எந்த எண்ணைப் பாதியாக்குவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்கு: அயோடின்-131 மூலத்தின் அருகே, கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணி நிமிடத்துக்கு 340 காட்டுகிறது. மூலத்தை அப்புறப்படுத்தினால் 20. அரை ஆயுட்காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம், 8 நாள். 24 நாள் கழித்து, மூலம் அதே இடத்தில் இருந்தால், எண்ணி என்ன காட்டும்?

340-ஐ மூன்று முறை பாதியாக்கி 42.5 என்று எழுதினால் தப்பு. அந்த 20, மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் வரும் பின்னணிக் கதிர்வீச்சு. அயோடின் சிதையச் சிதைய அது குறையாது. ஆகவே முதலில் கழியுங்கள்: 320. பிறகு 160, 80, 40. கேட்டிருப்பது எண்ணி காட்டும் அளவு என்பதால் 20-ஐத் திரும்பக் கூட்டினால் 60. கடைசிக் கூட்டல்தான் அவசரத்தில் விட்டுப்போவது.

‘எஞ்சியது’, ‘சிதைந்தது’ என்ற சொற்களின் கீழ் கோடு போடுங்கள். மூன்று அரை ஆயுளுக்குப் பின் எஞ்சியது 1/8, சிதைந்தது 7/8.

அடுத்தது அலகு. 1 கிராம் ரேடியம்-226இன் செயல்பாடு, அதாவது வினாடிக்கு எத்தனை சிதைவு (அலகு பெக்கரல்), எவ்வளவு? அரை ஆயுட்காலம் 1600 ஆண்டு. அதை அப்படியே போட்டால் வருவது ஆண்டுக்கான சிதைவு, பெக்கரல் அல்ல. வினாடிக்கு மாற்றினால் 5.05 × 10¹⁰. 0.6931-ஐ (ln 2) இதனால் வகுத்தால் சிதைவு மாறிலி 1.37 × 10⁻¹¹. அணுக்கள் 6.02 × 10²³ ÷ 226, அதாவது 2.66 × 10²¹. இரண்டையும் பெருக்கினால் சுமார் 3.65 × 10¹⁰ பெக்கரல். ஒரு கியூரி 3.7 × 10¹⁰ பெக்கரல். அந்த அலகே 1 கிராம் ரேடியத்தை வைத்துப் பிறந்ததுதான். விடை இதன் அருகில் வராவிட்டால் எங்கோ ஆண்டு ஒளிந்திருக்கிறது.

யுரேனியம்-238, காரீயம்-206 ஆகும் தொடரில் எப்போதும் ஆல்பாவை முதலில் எண்ணுங்கள், ஏனென்றால் நிறை எண்ணை மாற்றுவது அது மட்டுமே. நிறை எண்ணில் குறைவது 32, ஒரு ஆல்பாவுக்கு 4: 32 ÷ 4 = 8 ஆல்பா. ஒவ்வொரு ஆல்பாவும் அணு எண்ணில் 2 குறைப்பதால், அது 92-லிருந்து 16 குறைந்து 76. காரீயத்துக்கு 82 வேண்டும். ஒவ்வொரு பீட்டாவும் அணு எண்ணில் 1 கூட்டும், ஆக 6 பீட்டா. காமா இந்த இரண்டு எண்களையும் மாற்றாது. பீட்டாச் சமன்பாடு எழுதச் சொன்னால் எலக்ட்ரானோடு எதிர்நியூட்ரினோவும் வர வேண்டும்.