துணி அறையில் பத்து நிமிடம்

நான் நர்ஸ். இரவுப் பணி 12 மணி நேரம். விளக்கை அணைத்தாலும் வார்டு அடங்காது. மானிட்டர் கத்தும், மருந்து தீர்ந்தால் பம்ப் கத்தும், அப்புறம் அழைப்பு மணி.

எனக்கு ஜெபம் என்றால் பேச்சுதான்: ஸ்தோத்திரம், விண்ணப்பம், ஆமென். அதையும் நடந்துகொண்டே முடித்துவிடுவேன். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபிக்கச் சொல்லும் பைபிளின் மத்தேயு 6:6, நேரம் இருப்பவர்களுக்கான வசனம் என்று நினைத்திருந்தேன்.

ஓர் இரவு, இடைவேளையில் வார்டைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஜெபிக்க இல்லை, யார் கண்ணிலும் படாமல் இருக்க. (அந்த வசனத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு, சாமான் வைக்கும் உள்ளறை என்றும் பொருள் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. சிரித்துக்கொண்டேன்.)

வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. சரி, வராவிட்டால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். தனிமையில் உடனே சமாதானம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது வேலைப் பட்டியல். ஊசி போட வேண்டிய நேரம், எழுதாத குறிப்பு, கட்டாத பில். அது ஓய்ந்த பிறகு மாற்கு 1-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. கப்பர்நகூம் ஊரில், சாயங்காலம் நோயாளிகளோடு ஊரே இயேசு இருந்த வீட்டு வாசலில் நிற்கிறது. மறுநாள் இருட்டோடு இயேசு எழுந்து, தனியாக ஜெபிக்கப் போய்விடுகிறார். சீடன் சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிவந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். எங்கள் அழைப்பு மணியேதான்! ஆனால் அவர் திரும்பிப் போகவில்லை; அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். நான் அப்படிச் சொன்னால் வேலை போய்விடும். ஆனாலும், யார் கூப்பிட்டாலும் ஓடுவதுதான் ஊழியம் என்ற என் கணக்கு அங்கே உதைத்தது. எதற்குப் போக வேண்டும் என்பது அவருக்கு அந்த இருட்டிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கோ, பட்டியலில் இல்லாத ஒன்று தெரிந்தது. 7-ஆம் படுக்கைப் பெரியவர் நாலாவது முறை மணி அடித்தபோது, "ஐயா, உங்களுக்கு மட்டுமா நான்?" என்று கேட்டிருந்தேன். வேலை மும்முரத்தில் அதை மறந்தே போயிருந்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் தூங்கிவிட்டார். மணிப் பொத்தான் கைக்கு எட்டாமல் கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் தலையணையோரம் வைத்தேன்.