சானியா டபுள்ஸுக்கு மாறியபோது

சென்னையில் பெண் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பிள்ளைகளிடம் பேசுகிற அளவுக்குப் பெற்றோரிடமும் பேச வேண்டியிருக்கும். "மேடம், டபுள்ஸ் எல்லாம் எதுக்கு? சிங்கிள்ஸ்ல நல்லா வரட்டும்" என்று கேட்காதவர்கள் குறைவு. தனியாக ஆடும் சிங்கிள்ஸில் தேறாதவர்கள்தான் இருவர் ஜோடியாக ஆடும் டபுள்ஸுக்குப் போவார்கள் என்ற எண்ணம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அப்போதெல்லாம் நான் சானியா மிர்சாவைப் பற்றித்தான் பேசுவேன்.

2005இல் சொந்த ஊரான ஹைதராபாத்தில் பட்டம் வென்றார். அதே ஆண்டு யு.எஸ். ஓபனில் நான்காம் சுற்று. 2007இல் சிங்கிள்ஸ் தரவரிசையில் 27ஆம் இடம். இந்தியப் பெண் ஒருவர் அதற்கு முன் அந்த இடத்தைத் தொட்டதில்லை. பந்து எழும்பும்போதே மணிக்கட்டைச் சுழற்றி அடிக்கிற அந்த ஃபோர்ஹேண்டைப் பார்த்துத்தான் என் தலைமுறைப் பயிற்சியாளர்கள் பலர் பெண் பிள்ளைகளை "பயப்படாம அடி" என்று சொல்லத் துணிந்தோம்.

அந்த மணிக்கட்டுதான் 2008இல் அறுவை சிகிச்சை வரை போனது. முழங்கால்களும் படுத்தின. 2013இல், 26 வயதில், சிங்கிள்ஸை விட்டார்.

சரி, இனி பாதி மைதானம்தானே, சுலபம் என்று தோன்றும். பயிற்சி கொடுப்பவர்களுக்குத் தெரியும், அது வேறு வேலை. ஓட்டம் குறையும், ஆனால் யோசிக்க நேரமே இருக்காது. எதிரே ஒருத்தி நெட்டில் நிற்கிறாள், சர்வைத் திருப்பி அடிக்கிற ரிட்டர்ன் கொஞ்சம் உயர்ந்தாலும் முடித்துவிடுவாள். சானியாவின் சர்வ் அவருடைய பலம் அல்ல. சிங்கிள்ஸில் எதிராளிகள், முதல் சர்வ் தவறினால் மெதுவாகப் போடுகிற இரண்டாவது சர்வைக் குறிவைத்து அடித்தார்கள். டபுள்ஸில் அந்த இடத்தை நெட்டில் நிற்கும் ஜோடி காப்பாற்றலாம். சானியாவின் ஜோடியாக ஆடிய சுவிட்சர்லாந்து வீராங்கனை மார்ட்டினா ஹிங்கிஸ் அதைத்தான் செய்தார். பின்னாலிருந்து சானியா ஃபோர்ஹேண்டால் வழி திறந்துவிட, முன்னால் ஹிங்கிஸ் கதையை முடிப்பார்.

2015இல் இருவரும் சேர்ந்ததும் இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று வரிசையாக மூன்று பட்டம். சானியா டபுள்ஸில் உலகின் முதலிடத்துக்கு வந்தார். விம்பிள்டன் இறுதியில் ரஷ்ய ஜோடியான மகரோவா, வெஸ்னினாவுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார்கள். 5-5 வரை இழுத்துவந்தபோது இருட்டியதால் கூரையை மூடினார்கள். திரும்பி வந்து 7-5 என்று முடித்தார்கள். அப்புறம் யு.எஸ். ஓபன், அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன். அந்தக் காலத்தில் தொடர்ந்து 41 ஆட்டங்கள் தோற்கவே இல்லை.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குத் தோள் வலி. வேகமாக சர்வ் போட முடியாது. கையை ஓங்கும்போதே முகம் சுருங்கும். பிசியோ அனுமதித்த அளவுக்குள் அவளை டபுள்ஸில் நிறுத்தினேன். ஆரம்பத்தில் நடுவில் வரும் பந்தை இருவரும் பார்த்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். "என்னுது" என்று சத்தம் போடவே அவளுக்குக் கூச்சம். அந்த ஒரு சொல்லை உரக்கச் சொல்லவைக்க நான் பட்ட பாடு சர்வ் திருத்தியதைவிட அதிகம். வேகத்தை விட்டுவிட்டு எதிராளியின் உடம்பைப் பார்த்து சர்வ் போடச் சொன்னேன். அவளுடைய ஜோடி நெட்டில் குறுக்கே பாய்ந்து பந்தை வெட்டினாள். அன்று அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றுவிட்டது.

அவளுடைய அப்பாவுக்கு நான் காட்டியது ஒரே ஒரு கணக்கு. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில் சானியா வென்ற ஆறு பட்டங்களில், மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வென்ற 2009, 2012 இரண்டும் முன்பு வந்தவை. மீதி நான்கும் சிங்கிள்ஸை விட்ட பிறகு வந்தவை. 2018இல் மகன் பிறந்த பிறகு திரும்பிவந்து 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாடியா கிச்செனோக்கோடு பட்டம் வென்றார். 2023 பிப்ரவரியில் துபாயில் கடைசி ஆட்டம் ஆடும்போது அவருக்கு 36 வயது. சிங்கிள்ஸை விட்டு பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.