கிளிக்கர் இல்லாத வில்

"கிளிக்கர் சத்தம் கேட்காமல் எப்போது விடுவதென்று எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று என் வில்வித்தை மாணவி கேட்டாள். "பழகிவிடும்மா" என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வில் பையோடு இறங்கி, காலைப் பேருந்தில் சேலத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவள் அவள். மூன்று ஆண்டுகள், முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லில் 70 மீட்டர் எய்தாள். இழுக்க இழுக்க அம்பின் முனை கிளிக்கர் தகட்டைத் தாண்டும்போது எழும் 'டிக்' ஒலிதான் அவள் விரல்களுக்கு உத்தரவு. நான் அவளை மாற்றிய, கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லில் அது கிடையாது. விரல்களுக்குப் பதிலாக நாணைப் பற்றும் ரிலீஸ் கருவியைப் பிடித்து முதுகை இறுக்கிக்கொண்டே இருக்க, நாண் தானாக விடுபட வேண்டும். அந்தத் 'தானாக' என்பதை நான் விளக்கியிருக்க வேண்டும்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அவளுக்கு வலத்தோளில் வலி இருந்தது. 36 பவுண்டு ரிகர்வை முழுதாக இழுத்து நிற்கையில் அத்தனை சுமையும் அவள் மீதுதான். 48 பவுண்டு காம்பவுண்டிலோ, உச்சத்தைத் தாண்டியதும் சுமை 75 சதவீதம் குறைந்து 12 பவுண்டே நிற்கும். மாறிய பிறகு வலியும் குறைந்தது.

ஆனால் வலி தொடங்கியது ஜனவரியில். வில்லை மாற்றச் சொன்னது ஏப்ரலில், 2028 ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்பட்ட செய்தி வந்த வாரத்தில். 1972இல் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பியதிலிருந்து ரிகர்வுக்கு மட்டுமே இருந்த வாசல் திறந்ததும், எனக்கு அவள் நினைவுதான் வந்தது. அவளுடைய அப்பாவிடம் தோளைப் பற்றித்தான் பேசினேன். பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன், ஆனால் மூன்று மாதம் ஏன் காத்திருந்தேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஐந்து மாதங்களில், குறிப்புள்ளி இலக்கின் நடு மஞ்சளைத் தொட்டதுமே ரிலீஸை வெடுக்கென்று தட்டிவிடும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. ரிகர்வையே திரும்பக் கேட்டாள், கொடுத்தேன். இப்போது ஐந்து மீட்டரில், இலக்குத் தாள் ஒட்டாத பலகையில், எண்ணிக்கை இல்லாமல் எய்ய வைக்கிறேன்.

நேற்று 'டிக்' ஒலி எனக்குத் தெளிவாகவே கேட்டது. அவள் விடவில்லை. வில்லை மெல்ல இறக்கிவிட்டு, "கேட்டுச்சு சார்" என்றாள்.