ஹெலெனாவின் படிக்கட்டு

எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தில் ஆண்டவரின் கல்லறையைத் தரிசிக்க இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். உள்ளே ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. பளிங்கை முத்தமிட்டு நிமிர்வதற்குள் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தைக் குறைசொல்லி முணுமுணுத்துக்கொண்டே (நானும் அந்தக் கூட்டம்தான்) ஆலயத்தின் பின்புறம் நடந்தபோது கீழே இறங்கும் படிக்கட்டு ஒன்று தெரிந்தது. புனித ஹெலெனா சிற்றாலயத்துக்கு 29 படிகள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. “மேலேயே உட்காருங்கள் அம்மா” என்றேன். “எண்பது வயதில் அந்தம்மா இத்தனை தூரம் வந்திருக்கிறார், நான் இந்தப் படி இறங்க மாட்டேனா?” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வந்தது உண்மைதான். ஹெலெனா, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய். சத்திரத்தில் வேலை பார்த்தவர் என்று மிலான் ஆயர் புனித அம்புரோஸ் இவரைச் சொல்கிறார். கணவர் கான்ஸ்டான்டியஸ் பதவிக்காக இவரை விட்டுவிட்டுப் பேரரசர் மாக்சிமியன் குடும்பத்துத் தியோதோராவை மணந்தார். மகன் கான்ஸ்டன்டைன் ஆட்சிக்கு வந்த பிறகு, ஒதுக்கப்பட்டவருக்கு ‘அகுஸ்தா’ (பேரரசி) பட்டமும் நாணயத்தில் முகமும் கிடைத்தன. தியோதோராவின் முகமும் நாணயத்தில் உண்டு. அவருக்கு யார் மெழுகுத்திரி ஏற்றுகிறார்கள்?

ஏறக்குறைய கி.பி. 326-ல் புறப்பட்ட ஹெலெனாவின் பயணத்தை அதே காலத்தவரான ஆயர், வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதி வைத்திருக்கிறார். பெத்லகேமிலும் ஒலிவ மலையிலும் அவர் எழுப்பிய ஆலயங்களைச் சொல்கிறார். இயேசுவின் சிலுவையை அவர் கண்டெடுத்ததாக நாம் கேட்டு வளர்ந்த கதையைச் சொல்லவில்லை. அந்தக் கதை அதே நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் வருகிறது. படித்த நாள் முதல் இது என்னை உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மணப்பாட்டில் செப்டம்பர் 14 என்றால் திருச்சிலுவைத் திருவிழா. 335 செப்டம்பரில் இந்த எருசலேம் ஆலயத்தை அர்ச்சித்ததோடு தொடர்புடைய நாள் அது. சிறுவயதில் அந்த மணலில் நடந்தவனுக்கு யூசேபியஸின் மௌனம் லேசான விஷயமா?

படிக்கட்டுச் சுவரில் கைவைத்ததும் அதையெல்லாம் மறந்தேன். கல் முழுக்கச் சிலுவைகள். உள்ளங்கை அளவு, அதைவிடச் சிறியவை, வரிசை வரிசையாக. இடைக்காலப் பயணிகளுக்காகக் கல்தச்சர்களே செதுக்கிக் கொடுத்திருக்கலாம் என்று அண்மை ஆய்வு சொல்கிறது. பல கைகள் தடவி விளிம்புகள் மழுங்கியிருந்தன.

சிற்றாலயம் ஆர்மேனியர்களின் பொறுப்பில் இருக்கிறது. தூண்கள், தொங்கும் விளக்குகள், ஆர்மேனிய ஆலயங்களைக் காட்டும் மொசைக் தரை. அதற்கும் கீழே, சிலுவை கிடைத்ததாகச் சொல்லப்படும் பாறைக் குழியில், சிலுவையைப் பிடித்தபடி ஹெலெனாவின் சிலை. மேலே இருந்த நெரிசல் அங்கே இல்லை. செபமாலையின் ஐந்து பத்துமணிகளையும் அவசரமில்லாமல் சொல்லி முடித்தோம்.

திரும்பி ஏறும்போது நாலைந்து படிக்கு ஒருமுறை அம்மா நின்றார். நின்ற இடத்திலெல்லாம் சுவரில் ஒரு சிலுவையைத் தேடி, அதன் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டார். செபமா, முழங்காலுக்கு ஓய்வா என்று நான் கேட்கவில்லை.