அம்மாவின் ரத்தக் கழிச்சலுக்குக் கொழும்பு வரை

வயிற்றால் போவதும் அதில் ரத்தம் கலந்திருப்பதும் ஹட்டன் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் கவலைப்படும் விஷயமே இல்லை. சீதபேதி என்று டிஸ்பென்சரியில் மெட்ரோனிடசோல் (அமீபா கிருமியைக் கொல்லும் மாத்திரை) தருவார்கள், கொஞ்சம் குறையும், பிறகு திரும்பவும் வரும். மூலம் என்பார் ஒருவர், சூடு என்பார் இன்னொருவர், மாதுளை ஓட்டை அரைத்துத் தயிரில் குடிக்கச் சொல்வார் பக்கத்து லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டு) பாட்டி. கொழுந்து எடுக்கும் மலையில் கக்கூஸ் கிடையாது, அவசரம் என்றால் தேயிலைச் செடிக்குள்தான் ஒதுங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரும், அதாவது நாள் சம்பளமும், போய்விடும். அதனால் அம்மா வாயே திறக்கவில்லை. தீபாவளிக்கு நான் ஹட்டன் பக்கம் போனபோது ஆள் பாதியாக இருந்தார், அப்படியே கொழும்புக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் நான் இருப்பது ஒரே ஒரு அறை, கக்கூஸ் நாலு குடும்பத்துக்குப் பொது. இங்கே அரச ஆஸ்பத்திரியில் ஓபிடி வரிசை, அங்கிருந்து துண்டு, அப்புறம் கிளினிக். முதலில் மலம், ரத்தம் எல்லாம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவு, ஆனால் மலத்தில் அமீபா இல்லை. அதை ஏன் அவ்வளவு அழுத்திப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். குடல் அழற்சியாக இருந்தால் அதற்கு ஸ்டீரொயிட் (உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) கொடுக்க வேண்டி வரலாம், உள்ளே அமீபாவோ காசநோயோ இருந்தால் அதே மருந்து ஆளைக் கவிழ்த்துவிடும் என்றார் டொக்டர்.

அடுத்தது கொலனொஸ்கொப்பி, ஆசனவாய் வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. அதை விட அதற்கு முந்தைய இரவுதான் பாடு. இரும்பு மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், அது குடலில் கறுப்பாகப் படிந்து பார்வையை மறைக்குமாம். சோறு இல்லை, பால் இல்லை, பிளேன்டீ குடிக்கலாம், சிவப்புக் கலர் சோடா மட்டும் கூடாது, ரத்தம் மாதிரித் தெரியும். பேதி மருந்தை லீட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு கோப்பைக்கும் என்னைத் திட்டினார். பக்கத்து அறை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் கக்கூஸ் பிரச்சினை தப்பியது. பொதுக் கக்கூஸ் உள்ள இடத்தில் இருப்பவர்கள் இதை முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

குடலில் கிள்ளி எடுத்த சதைத் துண்டின் சோதனை (பயொப்ஸி) முடிவு வரும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் படித்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் சொந்தக்காரர் ஒருவர், குடல் அழற்சி டவுன்காரர் வியாதி, தோட்டத்தில் யாருக்கு வரும் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கனடாவின் 4 மாகாணங்களில் பார்த்தபோது வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக வருவது நகரத்தில் 33, கிராமத்தில் 31 அளவுக்கு இருந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம்தான் வித்தியாசம் கூடுதல். மண்ணோடும் மாட்டோடும் வளர்வது ஏதோ பாதுகாப்புத் தருகிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் 33க்கும் 31க்கும் நடுவில், கணக்கிலேயே விழாத எங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேர் நிற்கலாம்.

இலங்கைக் கணக்கு 2010இல் வந்தது. கொழும்பு, கம்பஹா இரண்டு மாவட்டத்திலும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வைத்து எண்ணியிருக்கிறார்கள்: குடல் அழற்சியின் இரண்டு வகையில், பெருங்குடல் புண் அழற்சியோடு இருப்பவர் ஒரு லட்சத்துக்கு 5.3, குடலில் எங்கேயும் வரக்கூடிய குரோன் நோயோடு இருப்பவர் 1.2. இந்தியாவில் பஞ்சாபில் வீடு வீடாகப் போய்க் கேட்டு எண்ணியபோது, 2003இல் வந்த அந்தக் கணக்கில், பெருங்குடல் புண் அழற்சி மட்டுமே லட்சத்துக்கு 44. வேறு ஊர், வேறு சனம், நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் டிஸ்பென்சரியோடு திரும்பி வருகிற ஆள் ஆஸ்பத்திரிக் கணக்கில் எப்படி விழுவார்? கொலனொஸ்கொப்பி செய்தால்தான் இந்த நோய் எண்ணிக்கைக்குள்ளேயே வரும், அது இருக்கிற இடத்துக்கு வர பஸ் காசும் ஒரு நாள் பேரும் வேண்டும்.

அம்மாவுக்கு வந்தது பெருங்குடல் புண் அழற்சிதான். தொற்றாது, காரத்தால் வந்ததும் இல்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே குடலோடு சண்டை பிடிக்கிறது. மெசலசின் மாத்திரை, கூடவே படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிற பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட். சுகமாகிவிட்டது என்று மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது, அம்மாவிடம் இன்றைக்கும் போனில் இதைத்தான் கத்துகிறேன்.

இப்போது ரத்தம் நின்றுவிட்டது, வேலைக்குப் போகிறார். டொக்டர் கிளினிக் கொப்பியில் நோய் தொடங்கிய வருடத்தைப் பெரிதாக எழுதினார், கொழும்புக்கு வந்த வருடத்தை அல்ல. தொடங்கி சுமார் 8 வருடம் ஆனால் குடல் புற்றுநோய்க்காக மறுபடி மறுபடி உள்ளே பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு வருடம் ஞாபகம் இல்லை. தம்பி ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் என்றார், அதை வைத்துக் கணக்குப் போட்டோம்.