63 வயது வரை இளைஞர்

நேற்று டீக்கடையில் பேச்சு திமுக இளைஞரணி பக்கம் திரும்பியது. 1980-ல் மதுரை ஜான்சி ராணி பூங்காவில் தொடங்கிய அணி. எனக்கு அதில் பிடித்தது அன்பகம் கதைதான். தேனாம்பேட்டையில் இருந்த அந்தக் கட்டடம் வேண்டுமென்றால் பத்து லட்சம் திரட்டிக் கொண்டுவா என்றது தலைமை. எண்பதுகளில் பத்து லட்சம் என்றால் சும்மாவா? ஸ்டாலின் ஊர் ஊராகப் போனார், கொடியேற்றினார், கூட்டத்தில் பேசினார், பதினோரு லட்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படித்தான் அது இளைஞரணியின் தலைமையகம் ஆனது. வாரிசு என்று எவ்வளவு சொன்னாலும் அந்த அலைச்சலை மறுக்க முடியாது.

ஆனால் அதே ஸ்டாலின் 2017 ஜனவரியில் செயல் தலைவர் ஆகும்வரை இளைஞரணிச் செயலாளராகவே இருந்தார். அப்போது வயது 63! நடுவில் சென்னை மேயர், துணை முதல்வர் எல்லாம் ஆகிவிட்டார், இளைஞர் பதவி மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. அடுத்து வெள்ளக்கோவில் சாமிநாதன், அப்புறம் 2019-ல் உதயநிதி. அவருக்கும் அப்போது நாற்பது தாண்டிவிட்டது.

சுவரெழுத்து, போஸ்டர், பூத் ஸ்லிப் வேலைக்கெல்லாம் இருபது வயதுப் பையன்கள். 2024 ஜனவரியில் சேலம் மாநாட்டுக்கு வேன் பிடித்துப் போனதும் அவர்கள்தான். அதில் எத்தனை பேருக்கு அடுத்த தேர்தலில் கவுன்சிலர் சீட்டாவது கிடைக்கும்? எங்கள் பகுதியில் கட்சிக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.